திண்டிவனத்து எலிகள் இளைத்த கதை

என் ஆருயிர் மச்சான் தரணேந்திரனுக்கு,

அன்போடு ஆரம்பியுங்கள் சார் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டுக்கொண்டார். ஆரம்பித்துவிட்டேன். இந்த ஒரு வரிக்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

நீ போனது தை மாதம். இப்போது ஆடி. செத்தவனைத் திட்டக் கூடாது என்கிறாள் என் வீட்டுக்காரி ரெஜினா. இருந்தபோது திட்டினேன், சிரித்தே மழுப்பினாய். இப்போது மழுப்ப உனக்கு வாய் இல்லை. திட்டுவதற்கு இதைவிட நல்ல சமயம் எனக்கு எப்போது கிடைக்கும்?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நீ விழுப்புரத்துக் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். பிறந்தது மேல்சித்தாமூர், குடித்தனம் திண்டிவனம். தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து போவாய். சமண வீட்டுப் பிள்ளை. எறும்பு ஊரும் வழியில் கால் வைக்க மாட்டாய், ஆனால் தவளை அறுக்கச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கினாய். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை சாப்பிட மாட்டாய். அதனால் சாயங்காலம் விழுப்புரம் பிளாட்பாரத்திலேயே, மேற்கே சூரியனைப் பார்த்துக்கொண்டே, டிபன் டப்பாவை அவசரமாகக் காலி செய்வாய்.

நான் சவரிமுத்து. அதே ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. பகலில் கூடைக்கும் மூட்டைக்கும் ரசீது எழுதுகிறேன், மிச்ச நேரத்தில் நகைச்சுவை எழுதுகிறேன். இரண்டையும் படிப்பவர்கள் ஏறக்குறைய ஒரே அளவுதான் சிரிக்கிறார்கள். என் உடம்பைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். பார்சல் தராசின்மேல் நான் ஏறி நின்றால், எந்த ஊருக்கு புக் பண்றது சார் என்று கூலிக்காரர்கள் கேட்பார்கள்.

நான் உனக்கு மச்சான் ஆன கதையும் சொல்ல வேண்டும். உன் கல்யாணப் பந்தலில், பெண்ணுக்கு அண்ணன் தம்பி இல்லையே என்று யாரோ முணுமுணுத்தார்கள். 'இதோ நிக்கிறானே' என்று என்னை முன்னே தள்ளிவிட்டாய். கழுத்தில் சிலுவை தொங்க நான் மருதேவிக்கு அண்ணனாக நின்றேன். அன்றிலிருந்து அவள் எனக்குத் தங்கச்சி, நீ எனக்கு மச்சான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள். கடிதத்தின் கடைசியில் தேவைப்படும்.

இப்போது ஊர் நியாயம். வரும் ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் உன் படத்தைத் திறக்கிறார்கள். திறந்து வைப்பவர் டானிக் முதலாளி. வயிற்றுவலிக்கு ஒரு தண்ணீர், தலைமுடிக்கு ஒரு எண்ணெய் என்று விற்று, மாடி வீடு கட்டி, அதற்குப் பிறகு விஞ்ஞானத்தின்மேல் ஆசைப்பட்ட அதே மனிதர்தான். பெயரை எழுதப்போவதில்லை. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுதினால் யாரும் சன்மானம் தருவதில்லை.

போன வாரம் பார்சல் ஆபீஸுக்கே வந்துவிட்டார். மூட்டைமேல் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

"சவரிமுத்து சார், மாத்திரைக்கு அவரு பேரையே வச்சிட்டோம். தரணி மாத்திரை. அட்டையில அவரு போட்டோ. பக்கத்துல முன், பின்னுன்னு ரெண்டு படம். முன்னுக்கு உங்க போட்டோ ஒண்ணு குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

"பின்னுக்கு யாரு?"

"நம்ம மேனேஜரு."

"அவரு இந்த மாத்திரை சாப்பிட்டாரா?"

"அவருக்கு இன்னாத்துக்கு சார்? அவருதான் ஒல்லியா இருக்காரே."

சிரித்து அனுப்பிவிட்டேன். அவர் போனபிறகு சிரிப்பு நிற்க நேரமாயிற்று, கோபம் வர நேரமாகவில்லை. அந்த மாத்திரை வேலை செய்யுமா என்று உனக்குத் தெரியாது மச்சான். தெரியாது என்பது உனக்கு நன்றாகத் தெரியும், எனக்கும் தெரியும். மூன்றாவதாக ஒருவர் காதுக்குப் போகக்கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டாய். அதைத்தான் இப்போது அச்சில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

எலிப்பெட்டி வந்த நாளை மறந்திருக்க மாட்டாய். பட்டணத்திலிருந்து வந்த பாசஞ்சரில், கம்பிவலை அடித்த மரப்பெட்டிகளாக இறங்கின. வலைக்குள் எட்டிப் பார்த்தேன். கறுப்பு எலிகள். கொழுக்கட்டைக்கு வால் வைத்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. எழுந்து நடக்கவே சோம்பல்.

"இன்னாடா இது, என் சொந்தக்காரனுங்களா?" என்றேன்.

"பொறவிக் குண்டு மச்சான்," என்றாய். உன் குரலில் புதுமாப்பிள்ளைப் பெருமை. "அப்பன் ஆத்தா ரெண்டும் பாக்க ஒல்லியாத்தான் இருக்கும். ரெண்டுக்கும் உள்ள ஒரு கோளாறு ஒளிஞ்சிக்கினு இருக்கும். அதுங்க போடற குட்டியில நாலுல ஒண்ணு இப்பிடிப் பொறக்கும். வயிறு ரொம்பிடிச்சின்னு இதுக்குத் தெரியவே தெரியாது."

எனக்கும் தெரியாதுதான், ஆனால் என்னை யாரும் பார்சலில் வரவழைத்துப் பெருமைப்பட்டதில்லை.

மருந்தைப் பற்றியும் நீயே விளக்கினாய். சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது, அது விடுகிற ஹார்மோன் உடம்புக்குள் உடைந்து வேறொன்றாக மாறுகிறது, அந்த வேறொன்றை வெளிநாட்டில் குண்டு எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள், முதலாளி அதே சரக்கைப் பம்பாயிலிருந்து பொடியாக வரவழைத்துவிட்டார், தீனியோடு பிசைந்து கொடுத்தால் எலி இளைக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது உன் வேலை. எலியைக் கொல்ல வேண்டாம், எடை போட்டால் போதும் என்றதால்தான் நீ ஒப்புக்கொண்டாய். பாவமும் இல்லை, புகழும் உண்டு. எந்த வாத்தியாருக்குக் கசக்கும்?

கல்லூரியில் நாற்றம் ஆகாது என்று இடம் தர மறுத்துவிட்டார்கள். மருதேவி பாதி எலிகளைத்தான் வீட்டுக்குள் விடுவேன் என்றாள். ஆகவே மருந்து தின்னும் எலிகள் திண்டிவனத்தில் உன் வீட்டுப் பின்னறையில், மருந்தில்லாத வெறும் தீனி தின்னும் எலிகள் விழுப்புரத்தில் என் வீட்டில் என்று பிரித்தாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தானே ஒப்பிட முடியும் என்று உன் மாணவர்களுக்கு நீ வருஷாவருஷம் சொல்லிக்கொடுத்திருப்பாய். வீட்டுக்காரி பேச்சு என்று வந்ததும் அந்தப் பாடத்தை லீவில் அனுப்பிவிட்டாய்.

என் வீட்டில் அந்த எலிகள் இரவெல்லாம் தின்றன. பகலில் தூங்கும், விளக்கணைத்ததும் நறநறவென்று ஆரம்பிக்கும். "உங்க ஆளுங்க பந்தியில உக்காந்துட்டாங்க," என்பாள் ரெஜினா. பேஜாராகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் ஒருத்திக்கு மட்டும் அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

ஸ்டெல்லாவைச் சொல்கிறேன். என் ஒரே மகள், என் உடம்பை அப்படியே வாங்கிப் பிறந்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பொண்ணு கொஞ்சம் பருமன் என்று சொல்லியனுப்பினார்கள். அடுத்து வந்தவர்கள் கேசரியைத் தொடாமலே அதைச் சொன்னார்கள். நான் அதையெல்லாம் ஜோக்காக எழுதினேன். அவள் படித்தாள். சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை தோறும் என் வீட்டுக்கு வந்து எலிகளை நிறுப்பாய். அவள் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுப்பாள். ஒருநாள் அவள் கேட்டாள், நான் அடுத்த அறையில் ரசீதுக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, இதுங்க கொஞ்சம் வாயைக் கட்டுனா இளைக்காதா?"

"இதுங்க தின்னிப்பண்டாரம் இல்லம்மா. பொறப்பு அப்பிடி. இதைப் போய் நீ பேராசைக்காரின்னு திட்டுனா அது தப்பு. அதோட தப்பு ஒண்ணும் இல்ல."

அவள் அந்த எலியை மறுபடி கூண்டில் விட்ட விதத்தைக் கதவு வழியாகப் பார்த்தேன், குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் விட்டாள். அவள் பிறந்ததிலிருந்து அவளுக்கு யாரும் சொல்லாத ஒன்றை, எலியைச் சாக்காக வைத்து நீ சொல்லிவிட்டாய். இதற்காக மட்டும் உன்னைத் திட்ட முடியவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

அப்புறம்தான் திண்டிவனத்து எலிகள் இளைக்க ஆரம்பித்தன.

ஒரு காலை பாசஞ்சர் நிற்பதற்குள் இறங்கி, பிளாட்பாரத்தில் வேட்டி தடுக்க ஓடி வந்தாய். நீ அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. "இளைக்குதுடா மச்சான்! காலைல பாத்தா தட்டுல தீனி அப்பிடியே மிச்சம் இருக்கு. மருந்து பசியையே அமுக்கிடுது." விழுப்புரத்து எலிகள் பந்தாக உருண்டுகொண்டிருந்தன, திண்டிவனத்து எலிகளுக்கு இடுப்பு தெரிந்தது. பட்டணத்தில் ஒரு கூட்டத்தில் போய்க் கட்டுரை படித்தாய். முதலாளி மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தார். இளைக்கும் மருந்துக்கு மைசூர்பாகு கொடுத்துக் கொண்டாடிய ஊர் இந்தத் தென்னாற்காடு ஜில்லாவில்தான் இருக்கும்.

அன்று ஸ்டெல்லா உன்னைக் கேட்டாள், "மாமா, இது மனுசங்களுக்கு எப்ப வரும்?" நீ அவள் தலையில் கை வைத்து, "வரும்மா. மொத அட்டை உனக்குத்தான்," என்றாய். அந்தக் கையால் உன் வாயைப் பொத்தியிருக்கக் கூடாதா?

சித்திரை மாதம் திண்டிவனத்தில் ஒரு திருமணத்துக்கு வந்தேன். விருந்து முடிந்து, வயிற்றைச் சுமந்துகொண்டு உன் வீட்டுக்கு நடந்தபோது பொழுது சாயும் நேரம். நீ இன்னும் ரயிலில் இருந்தாய். மருதேவி பின்னறையில் கூண்டு கூண்டாகத் தீனித்தட்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தங்கச்சி, தட்ட எடுக்கிற?"

"பொழுது சாஞ்சிடிச்சேண்ணே. இனிமே தீனியில பூச்சி பொட்டு விழுந்தா யாருக்குத் தெரியும்? அதையும் சேத்துல்ல தின்னும். காலைல சூரியன் வந்ததும் வச்சிடுவேன்."

"எலி ராத்திரியிலதானேம்மா திங்கும்?"

"காட்டுல திங்கட்டும். இந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் இந்த வீட்டு வழக்கம்தான்."

"மச்சானுக்குத் தெரியுமா?"

"இதுல தெரியறதுக்கு இன்னா இருக்கு? நம்ம வீட்டுல எந்த ஜீவன் இருட்டுனப்புறம் தின்னுச்சு?"

சொல்லிவிட்டு, தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, துணி போட்டு மூடினாள். அவளுக்கு அது விளக்கேற்றுவதுபோல ஒரு காரியம். நீ இருட்டியபின் வருவாய், காலையில் அவள் தட்டை வைத்தபிறகு எழுந்து மிச்சத்தை நிறுப்பாய், ஞாயிறானால் மேல்சித்தாமூர் போய்விடுவாய். உன் வீட்டில் ஒவ்வொரு சாயங்காலமும் நடந்ததை நீ ஒருநாளும் பார்த்ததில்லை. உன் எலிகள் மருந்தால் இளைத்தனவோ இல்லையோ, சமணர்களாகி இளைத்துவிட்டன.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஸ்டேஷனுக்கே போய், நீ வண்டியிலிருந்து இறங்கியதும் சொன்னேன். நீயும் சிரிப்பாய் என்றுதான் நினைத்தேன். நீ அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாய்.

"கட்டுரை படிச்சிட்டேனேடா," என்றாய். பிறகு, "முதலாளி லேபிள் அடிக்கக் குடுத்துட்டாரு." கடைசியில் என் கையைப் பிடித்தாய்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாத மச்சான். தன் கையால இப்பிடி ஆச்சின்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. நான் புதுசா எலி வரவழைச்சி, எல்லாத்தையும் ஒரே வீட்டுல வச்சி, மறுபடி பாத்துடறேன். அப்புறம் நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

சரி என்றேன். ஒரு கல்யாண விருந்தும் ஒரு சிநேகிதனும் ஒரே நாளில் வந்தால் நான் எதற்கும் சரி என்பேன்.

அதன்பிறகு உன்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். "எலி வருதுடா," என்றாய். "பரீட்சை முடியட்டும்," என்றாய். "மழை விடட்டும், ஈரத்துல எலி தாங்காது," என்றாய். மச்சான், வெளியூரிலிருந்து எலி வந்தால் அது என் கை வழியாகத்தானே வர வேண்டும்? விழுப்புரம் பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவிடம், பார்சல் வந்துகொண்டிருக்கிறது என்று பொய் சொன்ன ஒரே மனிதன் நீ. பொய்யாவது கொஞ்சம் ஆராய்ச்சி செய்து சொல்லியிருக்கலாம்.

அந்த மாதங்களில் ஸ்டெல்லாவும் உன்னைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். "மாமா, மருந்து எப்ப?" நீ என் முகத்தைப் பார்க்காமல், "வரும்மா, வரும்," என்பாய். மருதேவியின் மனம் நோகக் கூடாது என்று என் மகளின் ஆசையை வாரம் ஒருமுறை தீனி போட்டு வளர்த்தாய். உன் பரிவுக்கு ஒரே சமயத்தில் இரண்டு பெண்கள் கண்ணில் படமாட்டார்களா?

பிறகு தை பிறந்தது. பாசஞ்சர் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயாம். உன் பை என் ஆபீஸுக்குத்தான் வந்து சேர்ந்தது. டிபன் டப்பாவில் பாதி சாப்பாடு அப்படியே இருந்தது. அன்று சூரியன் உன்னை முந்திவிட்டான் போல. டப்பாவை நான்தான் கழுவினேன். திட்டிக்கொண்டே கழுவினேன்.

துக்கத்துக்கு வந்த முதலாளி சும்மா வரவில்லை. இன்னும் கடைக்கு வராத மாத்திரையின் சாம்பிள் அட்டைகளைப் பையில் வைத்திருந்தார். "மொத அட்டை ஒனக்குத்தான்னு சார் சொல்லிக்கினே இருப்பாரு," என்று ஸ்டெல்லாவின் கையில் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. உன் வாக்கை நிறைவேற்றுகிறோம் என்று அவருக்குக் கண்கூடக் கலங்கியதாம்.

அவள் யாருக்கும் சொல்லாமல் சாப்பிட்டாள். எடை குறைந்ததா என்று கேட்கிறாயா? இல்லை. முகமெல்லாம் பரு வந்தது. மோவாயில் முடி முளைத்தது. ஹார்மோன் சமாச்சாரம் ஆயிற்றே, எலிக்குத் தாடி முளைத்தால் யார் பார்த்தார்கள்? இதை ஸ்டெல்லாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "முடி மொளைச்சதையும் எழுதுங்கப்பா, அப்பதான் வேற எவளும் வாங்க மாட்டா," என்றாள்.

ஆனால் அதை அவள் சொன்னது பிறகு. முதலில், அவள் கையில் அட்டையைப் பார்த்து நான் பிடுங்கியபோது நடந்தது வேறு.

"அதைத் திங்காதம்மா. அது பலிக்கும்னு யாருக்கும் தெரியாது."

"மாமா சொன்னாரு."

"மாமாவுக்கும் தெரியாது. எலி இளைச்சது மருந்தால இல்ல, ராத்திரி தீனி இல்லாததால கூட இருக்கலாம். உங்க அத்தை தினம் சாயங்காலம் தட்ட எடுத்துட்டா."

அவள் என்னைப் பார்த்த பார்வை உனக்கு வர வேண்டியது மச்சான். தவறி என்மேல் விழுந்தது. "இதையும் ஜோக் ஆக்கிட்டீங்களாப்பா? செத்தவரையும் விடமாட்டீங்களா? நான் குண்டா இருந்தாத்தானே உங்களுக்கு எழுதறதுக்கு சரக்கு கெடைக்கும்."

கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் ஊரைச் சிரிக்க வைத்ததற்கு எனக்குக் கிடைத்த விருது இதுதான். ஒரே ஒரு தடவை உண்மை சொன்னேன், கேட்டவள் சிரிக்கக்கூட இல்லை. நான் நூறு சத்தியம் செய்தாலும் அவள் நம்பப்போவதில்லை. நம்ப வைக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவன் செத்துவிட்டான். இன்னொருத்தியிடம் சொல்லக் கூடாது என்று அந்தச் செத்தவன் என் கையைப் பிடித்திருந்தான்.

மறுநாள் காலை முதல் வண்டியில் திண்டிவனம் போனேன்.

மருதேவி முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ஜோக்கும் இல்லாமல் சொன்னேன், அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். முறம் நிற்கவில்லை. நான் முடித்தபிறகுதான் நின்றது.

"அவருக்கு எப்பத்திலேர்ந்துண்ணே தெரியும்?"

"சித்திரையிலேர்ந்து."

"சித்திரையிலேர்ந்து தை வரைக்கும் என் எதிர்லதான் உக்காந்து சாப்பிட்டாரு." முறத்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "நான் தாங்க மாட்டேன்னா சொன்னாரு?"

"ஆமாம்மா."

"இத்தனி வருசம் கூட இருந்தேன். எலியைத் தெரிஞ்சிக்கின அளவுக்கு என்னைத் தெரிஞ்சிக்கல. அதையாவது வாரம் ஒருதடவ எடை போட்டுப் பாத்தாரு."

இதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அவள் ஒரு வரியில் சொன்னதைத்தான் நான் தை மாதத்திலிருந்து பக்கம் பக்கமாக மனசுக்குள் எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். உன் கோழைத்தனத்துக்கு நீ வைத்த பெயர் பரிவு. யாரைக் காப்பாற்றுவதாகச் சொன்னாயோ, அவளை நீ நம்பவே இல்லை.

"தட்ட எடுத்ததுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்லண்ணே," என்றாள். "மறுபடி எலி வந்தாலும் எடுப்பேன். எடுப்பேன்னு தெரிஞ்சா அவரு வேற எங்கனா வச்சிருப்பாரு, அவ்ளோதான். கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

"அப்ப மருந்து பொய்தானாம்மா?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? மருந்தும் இருக்கலாம், என் கையும் இருக்கலாம். தெரியாத ஒண்ண தெரிஞ்ச மாதிரி விக்கிறதுதான் களவு." முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தாள். "புள்ள எங்க இருக்கா? ஜல்தியா கெளம்புங்க. பொழுது சாயறதுக்குள்ள நான் வீடு திரும்பணும்."

விழுப்புரத்தில் அவள் என் வீட்டுக்குள் நுழைந்தபோது ஸ்டெல்லா எழுந்து நின்றாள். மருதேவி உட்காரக்கூட இல்லை.

"உங்கப்பா சொன்னது ஜோக்கு இல்லம்மா. நான்தான் தட்ட எடுத்தேன். தெனமும். உங்க மாமா தெரிஞ்சிக்கினதுக்கு அப்புறம் உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. அது அவரு செஞ்ச தப்பு. நீ இதைத் திங்காத."

ஸ்டெல்லா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மூலையில் இருந்த கூண்டைப் பார்த்தாள். உன் எலிகளில் மிச்சமிருக்கும் கடைசி எலி அதில்தான் இருக்கிறது, விழுப்புரத்துக் குண்டன். சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, இதுங்க தப்பு ஒண்ணும் இல்ல, பொறப்பு அப்பிடின்னு சொன்னாரே அத்தை. அதுவும் இப்பிடித்தானா?"

அந்த ஒரு கணத்தில், மச்சான், நீ உயிரோடு இருந்திருந்தால் உன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து அவள் முன்னால் நிறுத்தியிருப்பேன். பதில் சொல்ல வேண்டியவன் நீ.

மருதேவிதான் சொன்னாள். ஸ்டெல்லாவின் மோவாயைப் பிடித்து, முளைத்திருந்த அந்த முடிமேல் விரல் பட, முகத்தை நிமிர்த்தினாள்.

"அது நான் கை வைக்காத விசயம்மா. அது நெசமாத்தான் இருக்கும்."

ஸ்டெல்லா உள்ளே போய், பாய்க்கடியில் ஒளித்து வைத்திருந்த மிச்ச அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் பிடுங்கியது ஒன்றுதான், அவளிடம் இருந்தது இன்னும் பல. மருதேவி அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஞாயித்துக்கெழம வேணும்," என்றாள்.

படத்திறப்பு மாலை ஆறரைக்கு என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் முடிய வேண்டும் என்று மருதேவி சொல்லியனுப்ப, முதலாளி மறுபேச்சில்லாமல் நான்கு மணிக்கு மாற்றிவிட்டார். குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று அவள் சொன்னதும் அவருக்கு ஏக மகிழ்ச்சி. இந்த இதழ் அதற்கு முன்பே கடையில் தொங்கும். ஆனால் அவர் விளம்பரப் பக்கத்துக்கு மேல் எதையும் படித்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆகவே இதைக் கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை அவள் மேடை ஏறி, எலிகள் ஏன் இளைத்திருக்கலாம் என்று சொல்லுவாள். முந்தானையை அவிழ்த்து அட்டைகளை உன் படத்துக்கு முன்னால் வைப்பாள். யாராவது சிரித்தால், அந்தச் சிரிப்பை என் பக்கம் திருப்பிக்கொள்ள நான் பக்கத்தில் நிற்பேன். அதற்கு வேண்டிய உடம்பு எனக்கு உண்டு. உன் போட்டோ எந்த மாத்திரை அட்டையிலும் வராது, அது என் பொறுப்பு. என் போட்டோவும் வராது. ஸ்டெல்லா அந்தக் கடைசி எலியைத் தானே வைத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். அது இரவெல்லாம் நறநறவென்று தின்னும். அதன் தட்டை இந்த வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள், அது எவ்வளவு எடை என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இதுவரை உனக்கு நான் சிநேகிதன். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த உறவு இந்தக் கடிதத்தோடு சரி. ஆனால் அன்றைக்குப் பந்தலில் என்னைப் பிடித்துத் தள்ளியது நீதான், நினைவிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டியின் அண்ணன்,
சவரிமுத்து